வறட்சியைத் தாங்கும் விதை வரட்டும். மலையின் தண்ணீர் என்ன ஆகும்?

2025 மே 4 அன்று டெல்லியில் ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் இரண்டு புதிய நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, 'கமலா' என்று பெயரிடப்பட்ட டிஆர்ஆர் தான் 100. மற்றொன்று, பூசா டிஎஸ்டி ரைஸ் 1. இரண்டும் மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட ரகங்கள். குறைந்த தண்ணீரில் அதிக விளைச்சல், பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் பயிர், இரண்டாவது பசுமைப் புரட்சி என்றெல்லாம் செய்திகள் வந்தன.

மறுபக்கம், மரபணு மாற்றமற்ற இந்தியாவுக்கான கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தன. போதிய பாதுகாப்புச் சோதனை இல்லை, விதையின் மீதான உரிமை அந்நியர் கைக்குப் போய்விடும் என்பவை அவர்களின் வாதங்கள். நடுவில் நிற்கும் சாதாரண மக்களோ, "அந்த அரிசியைச் சாப்பிடலாமா, கூடாதா?" என்று கேட்கிறார்கள். ஒரு பொருள் கூடுமா கூடாதா என்று கேட்பதற்கு முன், அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதைவிட முக்கியமாக, அது யாருக்கு, எதற்கு என்று கேட்க வேண்டும். டெல்லியில் வெளியான இந்த அறிவிப்பைப் பழனி மலையில் நின்று பார்த்தால் அந்தக் கேள்விகளுக்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

தபாலைக் கிழிக்கும் சிறு மூலக்கூறு

நெல்லோ வாழையோ பூண்டோ, எந்தப் பயிரானாலும் அதன் செல்களுக்குள் மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால், அதன் நகல் ஒன்று கிளம்பி, புரதம் தயாராகும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நகலைத்தான் தூது ஆர்என்ஏ என்கிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் கையெழுத்தான உத்தரவு தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால்தானே ஊரில் வேலை நடக்கும்? வழியிலேயே அந்தத் தபாலை யாராவது கிழித்துப் போட்டால், கையெழுத்து இருந்தும் பயனில்லை.

செல்லுக்குள் அப்படித் தபாலை நிறுத்துபவைதான் சிறு ஆர்என்ஏக்கள். தூது ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்டது. பயிர்களில் உள்ள சிறு ஆர்என்ஏக்களோ பெரும்பாலும் 20 முதல் 24 எழுத்துகள்தான். தம்மோடு பொருந்தும் தூதைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கின்றன. கூடவே இருக்கும் ஒரு புரதம் அந்தத் தூதை வெட்டிவிடுகிறது, அல்லது படிக்க முடியாமல் தடுத்துவிடுகிறது.

இவற்றில் மைக்ரோ ஆர்என்ஏ என்ற வகையை 1993-இல் ஒரு சிறு புழுவில் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2024-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செடிகளிலும் இதுபோன்ற சிறு ஆர்என்ஏக்கள் வேலை செய்கின்றன என்பதை 1999-இல் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோம்பும் இங்கிலாந்தில் காட்டினார்கள். நாம் தினமும் உண்ணும் சோற்றிலும் காய்கறியிலும் இவை இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் யாரோ செய்து உள்ளே திணித்த பொருள் அல்ல இது. இயற்கையாகவே பயிருக்குள் இருக்கும் நிர்வாகம்.

வறட்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் செடி காற்றை உள்ளிழுத்து உணவு தயாரிக்கிறது. அதே துளைகள் வழியாகத்தான் தண்ணீரையும் ஆவியாக இழக்கிறது. மண் காயும்போது எந்தத் துளையை எப்போது மூட வேண்டும், வேரை எவ்வளவு நீட்ட வேண்டும், வளர்ச்சியை எப்போது நிறுத்திவைக்க வேண்டும் என்ற முடிவுகளில் சிறு ஆர்என்ஏக்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

ஒரே சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது

இந்த இடத்தில்தான் விளம்பரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான தூரம் தெரிகிறது. மைக்ரோ ஆர்என்ஏ 169 என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2008-இல் செய்த ஆய்வில், வறட்சி வந்ததும் இதன் அளவு குறைவது தெரிந்தது. அது குறைந்ததால், அதனால் அடக்கிவைக்கப்பட்டிருந்த ஒரு மரபணு விழித்துக்கொண்டது, இலைத்துளைகள் சுருங்கின, செடி பிழைத்தது. ஆனால் 2011-இல் தக்காளியில் செய்த ஆய்வில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மைக்ரோ ஆர்என்ஏவைக் கூட்டியபோதுதான் துளைகள் சுருங்கி, வறட்சியைத் தாங்கும் திறன் கூடியது. ஒரு செடியில் குறைத்தால் நன்மை. இன்னொரு செடியில் கூட்டினால் நன்மை!

நெல்லில் மைக்ரோ ஆர்என்ஏ 166-ஐ முடக்கிய 2018-ஆம் ஆண்டு ஆய்வில், இலைகள் சுருண்டு, துளைகள் வழியான நீரிழப்பு குறைந்தது. ஆனால் துளை சிறுத்தால் தண்ணீர் மட்டுமா மிச்சமாகிறது? உள்ளே போகும் காற்றும்தான் குறைகிறது. செடியின் உணவு உற்பத்தி குறைகிறது. ஆகவே வறட்சியைத் தாங்குவது வேறு, வறட்சியில் விளைவது வேறு. உயிரோடு நிற்கும் பயிரெல்லாம் களத்துமேட்டுக்கு நெல் கொண்டுவந்துவிடாது. இதை எந்த உழவரும் புத்தகம் படிக்காமலேயே சொல்வார்.

அறிவிப்பில் உள்ளதும் இல்லாததும்

இப்போது அந்த இரண்டு நெல் ரகங்களுக்கு வருவோம். அவற்றில் செய்யப்பட்டது மைக்ரோ ஆர்என்ஏவை மாற்றும் வேலை அல்ல. ஆனால் திருத்தம் செய்யும் கருவியிலேயே ஒரு சிறிய ஆர்என்ஏ இருக்கிறது. கிரிஸ்பர் என்ற தொழில்நுட்பத்தில், சுமார் 20 எழுத்துகள் கொண்ட முகவரியைத் தாங்கிய வழிகாட்டி ஆர்என்ஏ ஒன்று, கத்தரிக்கோல் போன்ற ஒரு புரதத்தைச் சரியான மரபணுவிடம் அழைத்துச் செல்கிறது. அங்கே வெட்டு விழுகிறது. செடி அந்த வெட்டைத் தானே ஒட்டவைக்கும்போது எழுத்துகள் மாறி மரபணு செயலிழக்கிறது. இந்த முறையை உருவாக்கிய எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா ஆகிய இரு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பூசா டிஎஸ்டி ரைஸ் 1-ஐ உருவாக்கியது டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். எம்டியு 1010 என்ற பழக்கமான ரகத்தில், இலைத்துளைகள் மூடிக்கொள்வதைத் தடுக்கும் டிஎஸ்டி என்ற மரபணுவை முடக்கினார்கள். டிஎஸ்டி என்பதன் விரிவே வறட்சி மற்றும் உப்புத் தாங்குதிறன் என்பதுதான். கமலாவை உருவாக்கியது ஹைதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம். சம்பா மசூரியிலிருந்து வந்த இந்த ரகம் சுமார் 20 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும், அதனால் பாசனத் தண்ணீர் மிச்சமாகும் என்கிறது அரசு.

இப்போது எண்களைப் பாருங்கள். பூசா டிஎஸ்டி ரகத்துக்கு அரசு சொன்ன விளைச்சல் உயர்வு 9.66 முதல் 30.4 சதவீதம். எந்த நிலத்தில்? உவர் நிலத்திலும் களர் நிலத்திலும். பெயரில் வறட்சி முதலில் நிற்கிறது. அறிவிப்பின் எண்களிலோ உப்புதான் நிற்கிறது. உவர் நிலத்துக்கு நல்ல நெல் கிடைப்பது நல்ல செய்திதான், கடலோர மாவட்டங்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் அதை வறட்சிக்கான தீர்வு என்று தலைப்புப் போட்டு மக்களிடம் கொண்டுபோவது சரியா?

அடுத்தது, சட்டம். 2022 மார்ச் 30 அன்று வெளியான ஒன்றிய அரசின் உத்தரவு, அயல் மரபணு இல்லாத இத்தகைய பயிர்களை மரபணு மாற்றுப் பயிர்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. இறுதிச் செடியில் வேறு உயிரின் மரபணு எதுவும் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அறிவியல்படி அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி தளர்ந்தால் வெளிப்படைத்தன்மை கூட வேண்டும். வயல்வெளிச் சோதனைகளின் முழு விவரத்தையும் உழவர் படிக்கும் மொழியில் பொதுவெளியில் வைப்பதில் என்ன தயக்கம்?

விருப்பாச்சி வாழை சொல்லும் பாடம்

சிறு ஆர்என்ஏக்களின் போராட்டம் பழனி மலைக்குப் புதிதல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் இடையே நின்றது விருப்பாச்சி மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் இது. 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழைச் சாகுபடி, பின்னர் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. காரணம், முடிக்கொத்து நோய். இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நின்றுவிடும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சியும், நோய் தெரியாமல் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோன வாழைக்கன்றுகளும் வைரஸைப் பரப்பின.

ஒரு செடியை வைரஸ் தாக்கும்போது, செடி தன் சிறு ஆர்என்ஏக்களை ஏவி வைரஸின் தபால்களைக் கிழிக்கிறது. வைரஸும் சும்மா இருப்பதில்லை. அந்த ஆயுதத்தை முடக்கும் புரதங்களைத் தன்னோடு கொண்டுவருகிறது. விருப்பாச்சியில் இந்தப் போரில் வைரஸ் வென்றது. வாழையின் பக்கத்தைப் பலப்படுத்த முடியுமா என்று கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் முயன்றார்கள். வைரஸின் ஒரு மரபணுவை முடக்கும் சிறு ஆர்என்ஏக்களை வாழையே தயாரிக்கும்படி மாற்றிய விருப்பாச்சிக் கன்றுகள் பற்றிய அவர்களின் ஆய்வு 2013-இல் வெளியானது. தமிழ் மண்ணின் ஒரு பழத்துக்காகத் தமிழ் மண்ணிலேயே நடந்த சிறு ஆர்என்ஏ ஆய்வு அது.

ஆனால் மலை விவசாயிக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? நோயுற்ற மரத்தை வேரோடு தோண்டி அழிப்பது. செடியின் நுனியிலிருந்து திசு வளர்ப்பு முறையில் வைரஸ் இல்லாத கன்றுகளை உருவாக்கி, சோதித்துத் தோட்டங்களுக்குத் தருவது. இந்த வேலையில் வேளாண் பல்கலைக்கழகமும் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் விவசாயிகளும் கைகோத்தார்கள். மரபணு மாற்றிய கன்று மலையேறவில்லை. இந்தியாவில் இன்றுவரை வணிகச் சாகுபடியில் உள்ள அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான்.

இதிலிருந்து ஆய்வே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வைரஸ் இல்லாத கன்று எது என்று சோதித்துச் சொன்னதும் அதே மூலக்கூறு அறிவியல்தான். இதன் பாடம் வேறு. பொதுப் பணத்தில் இயங்கும் ஆய்வுக்கூடம், அந்த மண்ணின் பயிரை எடுத்துக்கொண்டு, அந்த மண்ணின் விவசாயியோடு சேர்ந்து வேலை செய்தபோது பலன் கிடைத்தது.

மலைக்கு எந்த விதை?

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, பூண்டி, கவுஞ்சி பக்கம் போனால் படிக்கட்டு வயல்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் நிற்கும். நெல் அங்கே இல்லை. அது மலையடிவாரத்தில், பழனிப் பகுதியின் அணைப் பாசனத்தில் இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு விதையே கிடையாது. பல்லைத்தான் நட வேண்டும். அந்தப் பல்லை விவசாயி அறுவடையிலிருந்து எடுத்து, வீட்டில் புகைமூட்டம் படும்படி தொங்கவிட்டுப் பாதுகாக்கிறார். அவருக்கு அது கடையில் வாங்கும் சரக்கு அல்ல, குடும்பச் சொத்து.

எனவே இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, நாட்டின் ஆய்வுப் பணம் நெல்லிலும் கோதுமையிலும் குவியும்போது, மலைப்பூண்டுக்கும் மலைவாழைக்கும் பட்டர் பீன்ஸுக்கும் யார் ஆய்வு செய்வது? கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆளும் நிதியும் கருவியும் கொடுத்தால், எந்த மலைப்பூண்டு எத்தனை நாள் தண்ணீரில்லாமல் நிற்கும், அப்போது அதன் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று இங்கேயே பார்க்கலாம். அராபிடாப்சிஸில் கண்டதும் தக்காளியில் கண்டதும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும்போது, மலைப்பூண்டில் என்ன இருக்கிறது என்று மலைப்பூண்டைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, உரிமை. கிரிஸ்பர் தொழில்நுட்பத்தின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் உள்ளன. நம் விஞ்ஞானிகள் உருவாக்கிய ரகமே ஆனாலும், விற்பனைக்கு வரும்போது அந்த உரிமம் என்ன நிபந்தனையோடு வரும்? நமது 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயர் ஒட்டி விற்பதற்கு மட்டும்தான் தடை. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் 2019-இல் என்ன நடந்தது? தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் தலா 1 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த வழக்குகள் வாபஸ் பெறப்பட்டன. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. விதைப் பையின் மீதும் இருக்க வேண்டும்.

விதை தாங்கும் நாட்கள் எத்தனை?

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பள்ளிவாசல்களில் மழைத் தொழுகை நடத்தி, கோயில்களிலும் தேவாலயங்களிலும் பிரார்த்தனை செய்து, மக்கள் வானத்தைப் பார்த்துக் கையேந்திய காலம் அது. அப்படியொரு ஆண்டில், சிறந்த வறட்சி ரகம்கூட என்ன செய்யும்? இரண்டு மழைக்கு நடுவே உள்ள இடைவெளியில் சில நாட்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அந்தச் சில நாட்கள் மதிப்புள்ளவைதான். ஒரு பாசனத் தவணையை மிச்சப்படுத்தினாலே கடன் வாங்கிய விவசாயிக்கு அது பெரிய உதவி. ஆனால் செடிக்குள் இருக்கும் எந்த மூலக்கூறும் கிணற்றில் தண்ணீர் ஊறவைக்காது.

தண்ணீர் ஊறும் இடம் மலை. பழனி மலையின் வடசரிவில் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு இறங்குகின்றன. தென்சரிவில் மஞ்சளாறு, வராகநதி, மருதாநதி இறங்கி வைகையை நோக்கிப் போகின்றன. பழனியின் நெல்லும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வரும் விளைச்சலில் பெரும் பங்கும், பெரியகுளம் பக்கத்துத் தோப்புகளும் இந்த மலையை நம்பித்தான் இருக்கின்றன. மேலே சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகின்றன.

அந்தப் புல்வெளிக்கு என்ன ஆனது? செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலையின் மலைமுகட்டுப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. அவற்றின் இடத்தில் நிற்பவை பெரும்பாலும் சீகை எனப்படும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள். மீதி விவசாய நிலம். புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து அரசே நட்ட அந்நிய மரங்கள்தான் இவற்றில் பல. பின்னர் வாட்டில் தானாகவே பரவியது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. நல்ல நடவடிக்கைகள்தான். ஆனால் இழந்த புல்வெளியை மீட்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அந்நிய மரங்களைக் கவனமாக அகற்றி, புல்லையும் சோலை மரங்களையும் திரும்பக் கொண்டுவருவது ஒரே ஆண்டில் முடியும் காரியமல்ல. அந்தக் காட்டைத் தலைமுறைகளாக அறிந்த பளியர், புலையர் பழங்குடி மக்களை ஒதுக்கிவிட்டுச் செய்யக்கூடியதும் அல்ல.

நாம் கேட்க வேண்டியவை

மரபணுத் திருத்தம் என்றதும் அஞ்சி ஓடவும் வேண்டாம். அதிசய விதை வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டு உட்காரவும் வேண்டாம். சிறு ஆர்என்ஏ பற்றிய அறிவு மனித குலத்துக்குக் கிடைத்திருக்கும் பெரும் கொடை. அது பயிருக்குள் நடப்பதைப் புரியவைக்கிறது. நாளை நல்ல ரகங்களையும் தரலாம். ஆனால் அரசிடம் நான்கு விஷயங்களைத் திட்டவட்டமாகக் கேட்க வேண்டும்.

புதிய ரகங்களின் வயல்வெளிச் சோதனை முடிவுகள் அனைத்தும், வறட்சியில் என்ன விளைந்தது என்பது உட்பட, தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். சேமித்து மறுபடி விதைக்கும் உரிமை இந்த விதைகளுக்கும் உண்டு என்பது விதைப் பையிலேயே அச்சிடப்பட வேண்டும். மலைப்பயிர்களுக்கான ஆய்வு, மலையிலேயே உள்ள பொது ஆராய்ச்சி நிலையங்களில், மலை விவசாயிகளோடு சேர்ந்து நடக்க வேண்டும். வறட்சி ரகங்களுக்குக் காட்டும் அதே அவசரம், சோலையையும் புல்வெளியையும் மீட்பதிலும் காட்டப்பட வேண்டும்.

இந்த நான்கில் கடைசியை மறந்துவிட்டு முதல் மூன்றையும் பெற்றால்கூட, பத்து நாள் தாங்கும் செடியோடு நாம் நிற்போம், பதினோராவது நாளுக்கான தண்ணீர் மேலிருந்து வராது. விதைக்குள் இருக்கும் இருபது எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட நமக்கு, தலைக்கு மேல் நிற்கும் மலையைப் படிப்பது கடினமா என்ன?